உப்புப் பார்க்கும் கை

மாஸ்டர் பொய் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் விளங்கிக்கொள்ளச் சுலபமாக இருக்கும். பம்பு செய்யும் அந்தத் தொழிற்சாலையின் கேண்டீனில் அவர்தான் தலைமைச் சமையல்காரர். அவர் ஒரு தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டதை யாரும் பார்த்ததில்லை. அவரே பார்த்ததில்லை.

விடிந்ததும் வருவார். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டுவார். ஒரு அண்டாவில் பருப்பு, அடுத்ததில் காய்கறி, மூன்றாவதில் சூப்பு. பாலும் டீயும் தனி அடுப்பில். கொதி வந்ததும் கரண்டியால் மேலாக அள்ளி இடது உள்ளங்கையில் விட்டு, ஊதி, நக்கிப் பார்ப்பார். உப்புப் போட்டபின் இன்னொரு தடவை. காய் வெந்ததா என்று பார்க்க இரண்டு துண்டு. இறக்குவதற்கு முன் மறுபடியும். ஒன்றின் ருசி நாக்கில் தங்கி அடுத்ததைக் கெடுத்துவிடக் கூடாது என்று நடுநடுவே ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளிப்பார். சமையற்கட்டில் துப்ப இடம் ஏது, விழுங்கிவிடுவார். பிறகு கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு அடுத்த அண்டாவுக்குப் போவார். மாலை ஷிப்டுக்கும் இதே கதைதான். இதையெல்லாம் அவர் வேலை என்று நினைத்தார். வேலைதான்.

சங்கு ஊதி, ஆட்கள் வந்து தின்றுவிட்டுப் போன பிறகு, காய் நறுக்குகிறவன் தட்டோடு உட்காருவான். அவனைக் கேண்டீனில் எல்லோரும் 'கத்தி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வாங்க மாஸ்டர், ஒரு வாய் போடுங்க."

"வேணாம்டா. வயிறு கல்லு மாதிரி இருக்கு."

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்லையே."

"நேத்து ராத்திரி?"

"ஒண்ணுமில்லடா. வேணும்னா உங்க அண்ணியக் கேட்டுப் பாரு."

"அப்ப அண்டாவுலேருந்து வர்ற ஆவியக் குடிச்சே ஆளு உயிரோட இருக்கீங்க. அந்த வித்தைய எனக்கும் சொல்லிக் குடுங்க மாஸ்டர், என் பொண்டாட்டி சமையல்லேருந்து தப்பிச்சுக்கறேன்."

மாஸ்டர் கேட்டுப் பார்க்கச் சொன்ன அண்ணி, அதாவது அவர் மனைவி, வீட்டிலேயே தையல் மெஷின் வைத்துக்கொண்டு சட்டைகளுக்குக் காலர் தைத்துக் கொடுப்பவள். கல்யாணமான புதிதில் அழுது பார்த்தாள். "என் கையால ஒரு வாய் தின்னா உங்க கிரீடம் இறங்கிடுமா?" என்று சண்டையும் போட்டாள். மாஸ்டர் தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொள்வார். லீவு நாளில் மட்டும் அவளை அடுப்படியில் நிம்மதியாக விடமாட்டார். "தள்ளு, உப்பு பாக்கறேன்" என்று ஒரு கரண்டி. "இன்னும் கொஞ்சம் வேகணும்" என்று இன்னொரு கரண்டி. அவள் பரிமாறக் கூப்பிடும்போது அவருக்குப் பசி இருக்காது. போகப் போக அவள் ஒரு ஆளுக்கு மட்டும் உலை வைக்கப் பழகிக்கொண்டாள்.

கத்தியின் கேலி கேண்டீனைத் தாண்டிப் பட்டறைக்குப் போனது. அங்கிருந்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் காதுக்கும் எட்டியது.

அவர் வருஷத்துக்கு ஒருமுறை தொழிலாளர்களின் கண்ணைச் சோதிக்க வருகிறவர். மெல்லிய குரல், மெல்லிய உடம்பு, யாரையும் ஏய்த்துப் பிழைக்கத் தெரியாத மனிதர். அவருடைய அம்மா கடைசி நோயில் படுத்தபோது எதுவும் இறங்காமல் போய்விட்டது. இரண்டு மூன்று நாள்தான் தாங்கும் என்று டாக்டர் சொன்னார். அம்மாவோ வாரக்கணக்கில் கண் திறந்து, எல்லோரையும் அடையாளம் கண்டுகொண்டு கிடந்தாள். உணவு என்பது வெறும் பழக்கம்தான், விட்டுவிட முடியும் என்ற எண்ணம் அன்றிலிருந்து அவரைப் பிடித்துக்கொண்டது. உண்ணாமல் வாழ்கிறவர்கள் உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறார்கள் என்று தேடித் தேடிப் படித்தார். நேரில் ஒருவரையும் பார்த்ததில்லை.

அவர் சமையற்கட்டுக்குள் வந்து மாஸ்டரைக் கேட்டார். "கடைசியா நீங்க எப்ப சாப்பிட்டீங்க?"

மாஸ்டர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். கரண்டி கையில் அப்படியே நின்றது.

"ஞாபகம் வரலீங்க."

கண்ணாடிக்காரரின் கண் கலங்கிவிட்டது.

கடைக்கு மேலே கண் சோதிக்கும் அறை. சுவரில் பெரிசிலிருந்து சிறிசாகப் போகும் எழுத்து அட்டை, எதிரே உயரமான நாற்காலி, இரு பக்கமும் அலமாரியில் வரிசை வரிசையாக மூக்குக் கண்ணாடிகள். லீவு நாட்களில் அந்த நாற்காலியில் மாஸ்டரை உட்காரவைத்தார் கண்ணாடிக்காரர். முதலில் நாலு பேர் வந்தார்கள், பிறகு படிக்கட்டு வரைக்கும் ஆள் நின்றது. மாஸ்டருக்குப் பேச்சு வராது. கேட்டதற்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான். அதுவே அவர்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது. வீட்டுக்குத் திரும்பியதும் கையைக் கழுவிவிட்டு நேராக மனைவியின் அடுப்புக்குப் போவார், உப்புப் பார்க்க.

வந்தவர்களில் தொழிற்சாலை ஸ்டோரில் வேலை செய்யும் பெண்ணும் ஒருத்தி. போல்ட்டும் வாஷரும் எண்ணிக் கொடுப்பவள். மாஸ்டருக்கு அவள் முகத்தைவிட அவள் தட்டு நன்றாகத் தெரியும். தினமும் பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வரும் தட்டு.

"அம்மா போனதுலேருந்து இப்படித்தான் மாஸ்டர்," என்றாள் அவள். "தட்டு முன்னால உக்காந்தாலே அழுகை வருது. எதிர்ல உக்காந்து சாப்பிட ஆளில்ல. சாப்பாடே வேண்டாம்னு ஒருத்தரால இருக்க முடியும்னா, எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா?"

"முடியும்மா," என்றார் மாஸ்டர். "நான் இல்லையா?"

அவள் தங்கியிருந்தது பெண்கள் விடுதியில் ஒரு சின்ன அறை. அங்கே அடுப்பு கிடையாது. அன்றிலிருந்து அவள் விடுதிச் சாப்பாட்டு அறைக்குப் போவதை விட்டாள். தண்ணீர் மட்டும் குடித்தாள். கேண்டீனில் அவள் உட்காரும் மூலை காலியாகக் கிடந்ததை மாஸ்டர் பார்த்தார். அவருக்குப் பெருமையாக இருந்தது.

நம்பாதவர்களும் இருந்தார்கள். வீட்டுக்குப் போய்த் திருட்டுத்தனமாக மூக்குப்பிடிக்கத் தின்கிறார் என்று பட்டறையில் பேச்சு. கண்ணாடிக்காரருக்கு அது பொறுக்கவில்லை. கேண்டீனுக்கு லீவு போட்டுவிட்டு, மேல் அறையிலேயே தங்கி, எல்லோர் கண் முன்னாலும் அன்னம் தண்ணி இல்லாமல் உட்கார்ந்து காட்டினால் ஒரே அடியாக வாய் அடைபட்டுவிடும் என்றார். மாஸ்டர் உடனே தலையாட்டிவிட்டார். அடுப்புச் சூட்டில் வெந்த உடம்புக்கு அது ஓய்வு மாதிரி.

மனைவி மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "உங்களுக்கு என்ன கிறுக்கா? அண்டா தூக்கற ஆளு நீங்க. காட்சிப்பொருள் மாதிரி அங்க போய் உக்காரணுமா?"

"இத்தன வருஷமா ஊருக்கே ஆக்கிப் போட்டேன். தின்னுட்டுப் போற ஒருத்தனாவது அடுப்படிப் பக்கம் எட்டிப் பாத்திருக்கானாடி? இப்ப என்னைப் பாக்கன்னு படியேறி வர்றாங்க."

அவள் மெஷினை விட்டு எழுந்தாள். மாற்று வேட்டி, துண்டு எல்லாம் மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தாள்.

முதல் நாள் அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். பார்க்க வந்தவர்கள் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். இரண்டாம் நாள் தலை வலித்தது. அதற்கடுத்த நாள் மனைவி போனபோது அவருடைய உதடு வெடித்திருந்தது. நாக்கு செருப்புத் தோல் மாதிரி உலர்ந்து பேச்சில் இடறியது. கண்கள் உள்ளே போயிருந்தன. அவர் ஒருமுறை எழுந்து ஒதுங்கப் போனார், சுவரைப் பிடித்துக்கொண்டே போனார். போன சிறுநீர் தேயிலைச் சாயம்போல இருந்ததாகக் காவலிருந்தவர் இன்னொருவரிடம் மெதுவாகச் சொன்னார்.

மனைவி நாற்காலியின் பக்கத்தில் குனிந்தாள். "வாங்க வீட்டுக்கு."

"எங்கயோ தப்பு பண்றேன்டி," என்றார் மாஸ்டர். "அங்க வந்தது இங்க வரமாட்டேங்குது. அடுப்புக்கு முன்னால நின்னா எனக்கு ஒண்ணுமே வேண்டியிருக்காது. இங்க உக்காந்தா மனசு அலையுது. அடிவயித்துல ஏதோ பிடிச்சு முறுக்குது."

"பசிக்குது உங்களுக்கு."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இதுக்குப் பேர்தான் பசியா?"

கண்ணாடிக்காரர் வந்து நின்றார். அவரும் இரண்டு நாளாக ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை; முகம் வெளிறியிருந்தது. "உடம்பு பழைய அழுக்கையெல்லாம் வெளிய தள்ளுதும்மா. இதத் தாண்டிட்டா அவருக்கு எதுவும் இல்ல. அவர் புதுசா பழகற ஆளா?"

அவள் கெஞ்சினாள், திட்டினாள், கையைப் பிடித்து இழுத்தாள். மாஸ்டர் நாற்காலியின் கைப்பிடியை விடவில்லை. இவ்வளவு பேர் பார்க்கிறார்கள், ஸ்டோர்ப் பெண்கூடத் தனக்காகத் தண்ணீரையும் விட்டுவிட்டாளாம், இப்போது எழுந்தால் அவளுக்கு என்ன பதில் சொல்வது என்றார்.

யாரையாவது கூட்டிவந்து தூக்கிக்கொண்டு போவது என்று அவள் நேராகக் கேண்டீனுக்குப் போனாள். அங்கே மாஸ்டர் இடத்தில் கத்தி நின்றிருந்தான். தலைக்குமேல் வேலை. அவள் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டே அண்டாவுக்கு அண்டா ஓடினான். கரண்டியால் அள்ளி இடது உள்ளங்கையில் விட்டான், ஊதினான், நக்கினான். உப்பை அள்ளிப் போட்டான். மறுபடியும் அள்ளி விட்டான். ஒரு துண்டு காயை வாயில் போட்டு மென்றான். சொம்பிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்து, இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு விழுங்கினான். பிறகு அடுத்த அண்டா.

"நானே வந்து தூக்கிட்டு வரேன் அண்ணி, இந்த ஷிப்டு முடியட்டும். அவர் இல்லாம நாக்கே செத்துப்போச்சு எனக்கு. எத்தன தடவை பாத்தாலும் உப்பு சரியா வரமாட்டேங்குது. பார்த்துப் பார்த்தே வயிறு ரொம்பிப் போயிடுது. இங்க நிக்க ஆரம்பிச்சதுலேருந்து மத்தியானம் தட்டு முன்னால உக்காந்தா ஒரு வாய் இறங்கல..."

அவன் பாதியில் நிறுத்தினான். கரண்டியைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். அவள் அவனுடைய ஈரக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அட தெய்வமே," என்றான் கத்தி.

அவள் ஷிப்டு முடியும்வரை நிற்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கஞ்சி வைத்தாள். உப்புப் போடவில்லை. பாத்திரத்தைத் துணியில் சுற்றி, கரண்டியும் ஒரு பொட்டலம் உப்பும் எடுத்துக்கொண்டு படியேறினாள். காவலிருந்தவர்கள் தடுக்க எழுந்தார்கள்.

"அவருக்குக் குடுக்க வரல. வீட்டுக்கு ஆளுங்க வராங்க. உப்பு சரியா இருக்கான்னு கேட்டுட்டுப் போயிடறேன். அதுகூடச் சொல்லக் கூடாதா அவரு?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உப்புப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். விட்டார்கள்.

மாஸ்டர் அரைக் கண் மூடிச் சாய்ந்திருந்தார். மூடியைத் திறந்ததும் அவருடைய மூக்கு விரிந்தது. அவள் கரண்டியில் அள்ளி நீட்டினாள். யாரும் சொல்லித்தராமலே இடது கை எழுந்து குழிந்தது. அவள் ஊற்றினாள், அவர் நக்கினார். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"உப்பே போடலியேடி."

அவள் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினாள். மறுபடி ஊற்றினாள்.

"பத்தாது."

இன்னொரு சிட்டிகை. இன்னொரு கரண்டி.

"இன்னும்."

கண்ணாடிக்காரர் எழுத்து அட்டையின் பக்கத்திலிருந்து வேகமாக வந்தார். "என்னம்மா பண்றீங்க?"

"உப்பு பாக்கச் சொல்றேன்," என்றாள் அவள், கையை நிறுத்தாமல். "இவர் விடிஞ்சதுலேருந்து பொழுது சாயறவரைக்கும் பண்றது இதத்தான். உப்பு பாக்கறது சாப்பாட்டுல சேராதே. இல்லீங்களா?"

மாஸ்டர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். கஞ்சி ரேகைகளில் ஓடித் தேங்கியிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதை நக்கினார். பாத்திரத்தை அவளிடமிருந்து வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். அழுதுகொண்டே குடித்தார்.

"ஏமாத்துக்காரன்!" என்றான் ஒருவன். நாற்காலிகள் இழுபட்டன. படிக்கட்டு தடதடத்தது. கண்ணாடிக்காரர் மட்டும் போகவில்லை. தன் விரல்களைப் பார்த்தபடி கேட்டார். "எங்கம்மாவுக்கு நான் சர்க்கரைத் தண்ணியில பஞ்ச நனைச்சு உதட்டுல வைப்பேன். காய்ஞ்சு போகக் கூடாதேன்னு, அப்பப்ப. அதுவுமா?"

மாஸ்டரின் மனைவி காலிப் பாத்திரத்தைத் துணியில் சுற்றினாள்.

மறுநாள் நிற்க முடிந்ததும் மாஸ்டர் சொன்ன முதல் வார்த்தை ஸ்டோர்ப் பெண்ணைப் பற்றித்தான். அவரும் மனைவியும் அவள் பக்கத்து அறைப் பெண்ணிடம் சொல்லி விடுதிக்குள் போனார்கள். கட்டிலில் போர்வைக்கடியில் ஆள் இருப்பதே தெரியவில்லை. அறையில் பழம் அழுகியது போன்ற ஒரு வாசனை இருந்தது; அது அவளுடைய மூச்சிலிருந்து வந்தது. கண் மட்டும் தெளிவாக இருந்தது.

மாஸ்டர் தரையில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார். அண்டா, கரண்டி, உள்ளங்கை, கொப்பளித்து விழுங்கிய தண்ணீர் எல்லாம்.

"நான் ஒருநாள்கூடச் சாப்பிடாம இருந்ததில்லம்மா. எனக்கே தெரியாது. உனக்கு அடுப்பு இல்ல, அண்டா இல்ல. நீ நிஜமாவே சாப்பிடாம இருக்கம்மா."

மனைவி தட்டில் சோறு போட்டுக் கொடுத்தாள். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். பழக்கமில்லாத வாய், புரையேறியது. "பாரு, நான் எதிர்ல உக்காந்திருக்கேன். நீயும் ஒரு வாய்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபமில்லை. சிறுபிள்ளை ஒன்று இருட்டுக்குப் பயந்து ஓடிவந்ததைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"பயந்துட்டீங்க மாஸ்டர்," என்றாள். குரல் காற்றாக வந்தது. "கடைசில எல்லாருக்கும் அப்படித்தான் தோணுமாம். கண்ணாடிக்காரர் சொல்லியிருக்காரு. எனக்கு இப்ப பசியே இல்ல. வலியும் இல்ல. பாவம் நீங்க."

மனைவி கரண்டியால் தண்ணீர் விட்டுப் பார்த்தாள். அது உதட்டோரத்தில் வழிந்து தலையணையில் இறங்கியது. அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. ஊரிலிருந்து அவளுடைய சித்தப்பாவும் வந்து சேர்ந்தார். மருத்துவமனையில் ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றிப் பார்த்தார்கள். சிறுநீரகம் இரண்டும் நின்றுபோயிருந்தன. மாஸ்டர் வராந்தாவில் நின்றார். உள்ளே போகவில்லை. சித்தப்பா வெளியே வந்து, நீங்க யாரு என்று கேட்டார்.

"கேண்டீன்ல சமையல்," என்றார் மாஸ்டர். "அங்க சாப்பிடற பொண்ணு."

அவள் பிழைக்கவில்லை. உடம்பு தேறிய பிறகு மாஸ்டரை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பட்டறை ஆட்கள் சில நாள் முகத்தைத் திருப்பினார்கள், பிறகு பசி அவர்களைத் திருப்பிவிட்டது. விடிந்ததும் வந்தார். துண்டை இறுக்கிக் கட்டினார். மூன்று அண்டாவும் கொதித்தன. பருப்பில் கரண்டியை விட்டு அள்ளினார். இடது கை தானாகக் குழிந்து காத்திருந்தது. கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"டேய் கத்தி."

"என்ன மாஸ்டர்?"

"நீ பாரு."

கத்தி வந்து தன் கையை நீட்டினான். நக்கிப் பார்த்து, சரி என்றான். அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் அவன்தான் உப்புப் பார்த்தான். சிலசமயம் கூடிப்போனது, சிலசமயம் குறைந்துபோனது.

சங்கு ஊதி ஆட்கள் தின்றுவிட்டுப் போனதும் மாஸ்டர் ஒரு தட்டை எடுத்து, தானே போட்டுக்கொண்டு, மூலையில் ஸ்டோர்ப் பெண் முன்பு உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். முதல் வாயை எடுத்தார். மென்றார். நெடுநேரம் மென்றார். விழுங்க முடியவில்லை.

கத்தி தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இரண்டு வாய் சாப்பிட்டான்.

"உப்பு எப்படி மாஸ்டர் இருக்கு?"

"தெரியலடா," என்றார் அவர்.